பைய அண்ணாச்சியின் ஊதா பாட்டில்கள்

தென்காசித் தாலுகாவில் பைய அண்ணாச்சியைப் போல நிதானமான மனிதர் அவருக்கு முன்னால் பிறந்ததில்லை. இனிமேல் ஒருவர் பிறப்பதாக இருந்தாலும், அவர் பிறந்து முடிக்கிறவரை காத்திருக்க எனக்கு ஆயுள் போதாது.

'பைய' என்றால் எங்கள் பக்கத்தில் 'மெதுவாக' என்று அர்த்தம். "பையப் போ", "பையத் தின்னு" என்று எல்லோரும் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு வேகமாகப் போவார்கள், வேகமாகத் தின்பார்கள். அண்ணாச்சி ஒருவர்தான் சொன்னபடி நடந்தவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்கே அது மறந்துபோயிருந்தது.

இளவயதில் அவர் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனாராம். பஜ்ஜி சாப்பிட்டார், பாட்டுக் கேட்டார், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்து வந்தார். சொன்ன வாக்குத் தவறாமல் யோசித்தார். யோசித்து முடித்துச் சம்மதம் சொல்லப் போனபோது அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது ஊரார் சொன்னது. ஊரார் சொல்வதை நான் நம்புகிறவன் இல்லை என்றாலும், அண்ணாச்சியைப் பார்த்த பிறகு இதை மட்டும் நம்பினேன்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு அவர் நடந்து புறப்பட்டால் பின்னால் வரும் வண்டிக்காரன் இரக்கப்படுவான். "ஏறிக்கிடுங்க அண்ணாச்சி." "வேண்டாம்டே. மாட்டு வண்டி வேகம் எனக்கு ஆகாது." வண்டிக்காரன் குற்றாலத்தில் சுமையை இறக்கி, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுத் திரும்பும்போது அண்ணாச்சி எதிரே வந்துகொண்டிருப்பார். இருவரும் மறுபடியும் நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

அவ்வளவு தூரம் நடந்து போய் அவர் அருவியில் தலை கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. சீசன் காலத்தில் பொடிப் பொடியாக விழுகிற சாரலில், குடை இல்லாமல், பாறையில் உட்கார்ந்திருப்பார். நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, பக்கத்துல அருவி கொட்டுது. நீங்க இங்கன உக்காந்து நனையுதீய?"

"அருவித் தண்ணி ஒண்ணு மேல ஒண்ணு மோதிக்கிட்டுக் கீழ ஓடிரும் வே. உடம்புக்குள்ள எங்க இறங்குது? சாரல் அப்படியில்லை. ஒத்தைத் துளியா வருது. போக்கிடம் இல்லாம நமக்குள்ள இறங்குது."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. நேரான மனிதன் எவனாவது குளிப்பதற்கு இத்தனை காரணம் சொல்லுவானா?

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குச் சந்தேக புத்தி என்று என் மனைவி செண்பகம் சொல்லுவாள். அவள் ஏன் அப்படிச் சொல்லுகிறாள் என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். போதாக்குறைக்கு அது யுத்த காலம். எனக்கு வேலையோ சப்ளை ஆபீஸில். மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் ரேஷன். யார் வீட்டில் எதைப் பதுக்கியிருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கிற குமாஸ்தா நான். சந்தேகப்படுவதற்கே சர்க்கார் சம்பளம் கொடுத்தது.

அப்படிப்பட்ட நான் மேலகரத்தில் அண்ணாச்சி வீட்டின் முன்பகுதிக்குக் குடிபோனேன். பின்பகுதியில் அவர் மட்டும் இருந்தார். குடிபோன முதல் வாரமே, தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போன சாக்கில் அவருடைய பின்கட்டு அறையை எட்டிப் பார்த்தேன்.

அறை நிறைய பாட்டில்கள். ஒவ்வொன்றின் வாயிலும் கண்ணாடி மூடி, அதன்மேல் மெழுகு. உள்ளே இருந்ததெல்லாம் நல்ல ஊதா நிறத் தண்ணீர். ஒரு பக்கம் மரப்பெட்டிகளில் மணலை நிரப்பி, பாட்டில்களைக் கழுத்துவரை புதைத்திருந்தார். இன்னொரு பக்கம் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடியில் ஒரு கைப்பிடி மணல்தான். மணலிலே ஏதோ மஞ்சளும் கறுப்பும் மினுங்கியது. அறைக்குள் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

"செண்பகம்! இந்த ஆளு சாமியார் வேலை செய்யுதாரு. தங்கம் பண்ணுதாரு!"

"தங்கம் பண்ணுதவரு ஓட்டை ஓட்டை வேட்டி கட்டிக்கிட்டு அலைவாராக்கும்? சும்மா கெடங்க."

"அப்ப சாராயம்."

"மண்ணெண்ணெய் நாத்தத்துல சாராயத்தை எவன் குடிப்பான்? நீங்க குடிப்பீயளா?"

அவள் அண்ணாச்சிக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது எங்கள் வீட்டில் மறுநாள் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்.

என் சந்தேகம் நாளுக்கு நாள் கொழுத்தது. தங்க வேலை செய்கிற ஆசாரியிடம் அவர் திராவகம் வாங்கி வந்ததை நான் கண்ணால் கண்டேன். அந்தத் திராவகத்தை மண்ணெண்ணெயில் ஊற்றி, குலுக்கி, தெளியவைத்து, கரியில் வடிகட்டினார். சுதந்திரப் போராட்டக்காரர்கள் ஊரில் தந்திக் கம்பியை அறுத்துப்போட்டிருந்த சமயம். போலீஸ்காரர்கள் சந்துக்குச் சந்து முழித்துக்கொண்டு நின்றார்கள். திராவகமும் மண்ணெண்ணெயும் ஒரே அறையில் இருந்தால் வெடிகுண்டு இல்லாமல் வேறென்ன? சுவருக்கு இந்தப் பக்கம் நான் தூங்குகிறேன்!

மணல் வந்த கதை அதைவிட மோசம். அந்தக் காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. எல்லையில் சுங்கச் சாவடி உண்டு. அண்ணாச்சி திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து மூட்டை மூட்டையாக மணல் கொண்டுவந்தாராம். மணலுக்கு வரி கிடையாது. ஆனால் சிற்றாற்றில் கொட்டிக் கிடக்கிற மணலை விட்டுவிட்டு, ராஜ்யம் விட்டு ராஜ்யம் ஒருவன் மணல் கடத்துவானா என்று சாவடிக்காரர்களுக்குத் தலை சுற்றியது. உள்ளே தங்கப் பொடி இருக்கும் என்று சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் சலித்தார்கள். அண்ணாச்சி பக்கத்தில் குந்தி, "பையச் சலிங்க, அவசரமில்லை" என்றாராம். அவரை அனுப்பினால் போதும் என்று அவர்களே மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். பின்னால் செண்பகத்தை நிற்க வைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நான் சப்ளை ஆபீஸ்காரன். மறைக்காமச் சொல்லுங்க. இது என்ன?"

"மண்ணெண்ணெய். யுத்தத்துக்கு முன்னால வாங்கினது. அதுல அழுக்கெடுக்கத்தான் திராவகமும் கரியும்."

"ஊதாவா இருக்கு?"

"அயோடின் போட்டிருக்கேன்வே. புண்ணுக்குப் போடுவாங்கள்ல, அது. மண்ணெண்ணெயில கரைஞ்சா இந்த நிறம்."

"மணல்?"

அப்போதுதான் அவர் முகத்தில் ஒரு களை வந்தது. பாயைத் தட்டிப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. செண்பகம் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்லுகிறேன். காஸ் விளக்கில் திரி மாதிரி ஒளிர்கிற வலை இருக்கிறதே, மாண்டில், அதற்குச் சரக்கு எடுக்கிற மணல் அது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று ராப்பகலாக வந்துகொண்டே இருக்கும். அந்தக் கதிர் மண்ணெண்ணெய் அணு ஒன்றின்மேல் பட்டால் அது இரண்டாகப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு சும்மா கிடக்காது.

"ஒரு கையை நீட்டிக்கிட்டே அலையும்மா. யாரையாவது பிடிச்சே ஆகணும் அதுக்கு. நான் வழியில அயோடினை நிறுத்தி வச்சிருக்கேன். அதைப் பிடிச்சுதுன்னா ஊதா நிறம் கொஞ்சம் வெளுக்கும்."

"அதுக்கு எதுக்கு ஒரு பக்கம் பெட்டி மணல், ஒரு பக்கம் பிடி மணல்?" என்றேன்.

"அதுல்லாவே விஷயம்! சீசன்ல குற்றாலத்துல பாத்திருக்கீரா? ஒரு கல்யாணக் கூட்டமே ஒரே பஸ்ஸுல வந்து இறங்குது. மங்குஸ்தான் கடைக்காரன் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கான். எவனாவது கடைக்கு வாரானா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் பொண்ணு வீட்டுக்காரனைப் பிடிச்சுக்கிடுதான். மச்சினன் மச்சினனைப் பிடிச்சுக்கிடுதான். பேசிக்கிட்டும் சண்டை போட்டுக்கிட்டும் அப்படியே போயிருதாங்க. ஆனா அதே ஆளுக ஒத்தை ஒத்தையா, வேற வேற நாளு வந்தா? பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. கடைக் கடையா ஏறுதான். பழத்தை அமுக்கிப் பாக்கான். வாங்குதான்."

"சரி."

"பெட்டி மணல்ல துண்டுக கூட்டமாப் பிறக்கு. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு முடிஞ்சு போகுது, அயோடின்கிட்ட வாரது கொஞ்சம். பிடி மணல்ல ஒண்ணொண்ணாப் பிறக்கு. அலைஞ்சு அலைஞ்சு அயோடின்கிட்டதான் வந்து சேருது. மொத்தக் கதிர் ரெண்டுக்கும் ஒண்ணுதான். வேகமாக் குடுத்தா வேலை கம்மி. பையக் குடுத்தா வேலை ஜாஸ்தி."

ஒரு காலத்தில் அவர் ஏதோ ஒரு கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவராம். அங்கே இருந்த பேராசிரியர், "மொத்தம் ஒன்றாக இருந்தால் விளைவும் ஒன்றுதான், வேகத்தில் என்ன ஐயா இருக்கிறது, சீக்கிரம் வேலையை முடியும்" என்றாராம். இவர் யோசித்தார். யோசித்து முடித்து, வேலையை விட்டுவிட்டு மணல் வாங்கப் போய்விட்டார்.

"பெட்டியில இருக்கது தன் பங்கை வாங்கி முடிச்சதும் வெளிய எடுத்து வச்சிருவேன். பிடி மணல்ல இருக்கது வருஷக் கணக்கா வாங்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நிறத்தைப் பாக்கணும்வே. அதுவரைக்கும் திறக்கப்படாது, குலுக்கப்படாது, வெயில் படப்படாது." தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "கண்ணுல புரை இறங்குது. நிறம் போறதுக்கும் கண்ணு போறதுக்கும் பந்தயம்."

"ஆபரேஷன் செஞ்சுக்கிடலாமே அண்ணாச்சி?" என்றாள் செண்பகம்.

"அது ரொம்ப வேகம்மா."

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை. இவ்வளவு கோவையாகப் பேசுகிறவன் கண்டிப்பாக எதையோ மறைக்கிறான் என்று எனக்குப் பட்டது.

சந்தேகப்பட்டது நான் மட்டும் இல்லை. தெருவிலிருந்து யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, எதிர்வீட்டு அரிசிக் கடைக்காரர்தான். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் என் சந்தேகம் அவரைவிட்டு நகரவில்லை. பெட்டிஷன் ஒன்று போட்டிருந்தால் பரவாயில்லை. 'குண்டு செய்கிறான்' என்று போலீசுக்கு ஒன்று, 'சாராயம் காய்ச்சுகிறான்' என்று ஆப்காரி இலாகாவுக்கு ஒன்று, 'மண்ணெண்ணெய் பதுக்கியிருக்கிறான்' என்று எங்கள் ஆபீஸுக்கு ஒன்று. மூன்று இலாகாவும் ஒரே நாள் காலையில் வந்து இறங்கின. யுத்த காலச் சட்டம். எது உறுதியானாலும் அண்ணாச்சி கம்பி எண்ண வேண்டியதுதான், பாட்டில்கள் எல்லாம் சாக்கடைக்குத்தான்.

போலீஸ் சார்பில் ஏட்டையா வந்தார். அவருக்கு வலது முழங்காலில் வாதம், தாங்கித் தாங்கித்தான் நடப்பார். ஆப்காரியிலிருந்து பெரிய மூக்கு வைத்த ஒரு அதிகாரி. எங்கள் ஆபீஸிலிருந்து சப்ளை இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் பேனாவோடு நான். அண்ணாச்சி வாசலில் நின்று, "எல்லாரும் வாங்க. பைய... படி இருக்கு" என்றார்.

ஏட்டையா ஒரு பாட்டிலைத் தொட்டார். "இது எங்க கேஸ். யாரும் தொடப்படாது."

"எப்படிய்யா உம்ம கேஸ்?" என்று ஆப்காரி அதிகாரி மூக்கை நீட்டினார். "ஊறல் போட்ட பாட்டில்னா எங்களுக்குத்தான் பாத்தியதை."

"மண்ணெண்ணெய் நாத்தம் மூக்கைத் துளைக்கு. அந்த மூக்குக்குமா தெரியல?" என்றார் எங்கள் இன்ஸ்பெக்டர். "இது சப்ளை இலாகா."

"மூக்கைப் பத்தி எவன்வே பேசினது?"

அவ்வளவுதான். ஆப்காரியும் சப்ளையும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் ஏட்டையா, பாட்டில்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வாசலில் நின்ற வண்டியைக் கூப்பிட்டார். அது எங்கள் ஆபீஸ் பிடித்துவந்த வண்டி. "எங்க வண்டியில உம்ம கேஸை ஏத்துவீரோ?" என்று இன்ஸ்பெக்டர் ஆப்காரியை விட்டுவிட்டு ஏட்டையா மேல் பாய்ந்தார். பிடித்த சாமான்களுக்கு மகஜர் எழுதினால் ஒருவர் எழுதியதில் மற்றவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். என்னை மூன்று பேரும் எழுதச் சொன்னார்கள், மூன்று பேரும் கிழிக்கச் சொன்னார்கள். மத்தியானம் பசி வந்ததும், "உம்ம மேல ரிப்போர்ட் எழுதுதேன்", "எழுதும், நானும் எழுதுதேன்" என்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். போகிற போக்கில் ஏட்டையா மட்டும் சாம்பிள் என்று ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் மாசக்கணக்கில் மூன்று ஆபீஸும் ஒன்றின்மேல் ஒன்று புகார் எழுதிப் பதில் எழுதி ஓய்ந்தன. அண்ணாச்சியை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி கிணற்றடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பாத்தீராவே? ஒரே பஸ்ஸுல வந்து இறங்கிட்டாங்க!"

அந்த மனிதர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆபத்து ஒழிந்தது என்றுதான் நினைத்தோம். அந்த ஒற்றைப் பாட்டில் சும்மா இருந்ததா? ஸ்டேஷன் அலமாரியில் அது ஏட்டையாவின் குளியல் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் சொல்லி, ஊறி, பிறகு அருவிக்குப் போவது வழக்கம். ஏட்டையாவும் சீசனில் போனார். கைக்கு வந்த பாட்டிலை எடுத்துப் போனார். ஊதா நிறத்தைப் பார்த்த எண்ணெய் தேய்க்கிறவன், 'போலீஸ் ஐயா கொண்டுவந்திருக்கிறார், மலைச் சித்தர் யாரோ கொடுத்த தைலமாகத்தான் இருக்கும், அதான் இந்த நாற்றம்' என்று தீர்மானித்து, வாத முழங்காலில் சூடு பறக்கத் தேய்த்தான்.

அயோடினும் மண்ணெண்ணெயும் சேர்ந்தால் எப்படி எரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டையா எழுந்தார். கத்தினார். ஓடினார். எண்ணெய் தேய்க்கும் இடத்திலிருந்து பேரருவிவரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். தாங்கித் தாங்கி நடந்த மனிதர் குதிரை மாதிரி ஓடியதை ஜனங்கள் பார்த்தார்கள். கத்தியது அருவிச் சத்தத்தில் காதில் விழவில்லை. ஓடியது மட்டும் கண்ணில் விழுந்தது.

"என்ன ஏட்டையா, வாதம் போயிட்டா?"

எரிகிறது என்று ஒப்புக்கொள்ள போலீஸ்காரனுக்கு மனசு வருமா? முழங்கால் பழுப்பேறிப் போயிருந்தது. "போயே போச்சு" என்றார் ஏட்டையா. உண்மையில் வலியும் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். அதையும் நான் நம்பவில்லை.

மறுநாளிலிருந்து, ஊதாப் பாட்டில் யார் வீட்டுச் சரக்கு என்று விசாரித்துக்கொண்டு, ஆட்கள் அண்ணாச்சியிடம் வர ஆரம்பித்தார்கள், ஒவ்வொருவராக. இன்றைக்கு ஒரு கிழவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. இரண்டு நாள் கழித்துத் தறி நெய்கிற ஒரு சாயபு தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு. அடுத்த வாரம் கழுத்துத் திரும்பாத ஒரு அம்மாள். "ஒரே ஒரு கரண்டி அண்ணாச்சி." அவர் தலையைச் சொறிவார். மெழுகை உடைப்பார். ஊற்றிக் கொடுப்பார். திறந்த பாட்டில் திறந்ததுதான், அவருடைய கணக்குக்கு ஆகாது.

"என்ன அண்ணாச்சி இது! மாட்டேன்னு சொல்லுங்க!" என்று நான் கத்தினேன்.

"ஒருத்தரு முன்னால வந்து வலிக்குதுன்னு நின்னா எப்படிவே இல்லைன்னு சொல்லுதது?"

மூன்று இலாகா சேர்ந்து வந்து செய்ய முடியாததை, ஒற்றை ஒற்றையாக வந்த நோயாளிகள் செய்துகொண்டிருந்தார்கள். அறையில் பாட்டில்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் பெட்டி மணலில் இருந்தது ஒன்றும் பிடி மணலில் இருந்தது ஒன்றுமாக, ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். அண்ணாச்சி அதைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் கண் முந்திக்கொண்டிருந்தது.

செண்பகம் என்னிடம் வந்து நின்றாள். "ஊரெல்லாம் சந்தேகப்படுதீயளே, அந்த மனுஷனுக்கு ஒரு வழி பண்ணத் தெரியலையே!"

சுள்ளென்று வந்தது எனக்கு. வெளியே போனேன். கண்ணில் பட்ட மூட்டுவலிக்காரர்களிடமெல்லாம் சொன்னேன். "இனிமே தனியா வந்தாத் தைலம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் ஒண்ணா வரணும். ஒரே நேரத்துலதான் குடுப்பாரு."

வெள்ளிக்கிழமை மேலகரத்துத் தெரு கொள்ளவில்லை. தென்காசிக்காரர்கள், இலஞ்சிக்காரர்கள், சீசனுக்கு வந்தவர்கள். குற்றாலத்து எண்ணெய் தேய்க்கிறவனும் வந்திருந்தான். அண்ணாச்சி பாட்டில் ஜோடியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் கதவைச் சாத்தி வாசலில் நின்றேன். "பொறுங்க, பொறுங்க, இப்ப வாராரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

நம் ஜனங்களில் இரண்டு நோயாளிகளை ஓரிடத்தில் நிறுத்திவையுங்கள், என்ன நடக்கும்?

"உமக்கு எங்கன வலி?"

"இடுப்புல."

"இடுப்புக்கு இது எதுக்குவே? நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் குடும்."

"அட, அப்படியா? உங்களுக்கு?"

"முட்டி."

"முடக்கத்தான் தோசை தின்னுதீயளா? எங்க கொல்லையில கெடக்கு, வாங்க, பறிச்சுத் தாரேன்."

கழுத்துத் திரும்பாத அம்மாளை இலஞ்சிக்காரி ஒருத்தி சுளுக்கு எடுக்கத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். எண்ணெய் தேய்க்கிறவன் சந்தடி சாக்கில் தன் தைலத்தைக் கடை விரித்தான். வரிசையில் யார் முந்தி என்று ஆரம்பித்த இரண்டு பேர், பேச்சு வளர்ந்து, தூரத்துச் சம்பந்தம் கண்டுபிடித்து, தோளில் கை போட்டுக்கொண்டு காப்பி சாப்பிடப் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அத்தனை கூட்டமும் கலைந்துபோயிற்று. கதவை ஒருத்தர் தட்டவில்லை.

உள்ளே போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"ஏ தம்பி! அயோடின் தப்பிச்சிட்டுவே!" அதுவரை என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அந்த ஜோடியை அதன்பிறகு யாரும் தொடவில்லை. பிடி மணல் பாட்டில் தன் பங்கை வாங்கி முடிக்க இன்னும் காலம் கிடந்தது. அண்ணாச்சி காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கஷ்டமா? யுத்தமே முடிந்துபோயிற்று. செண்பகத்தின் குரலை வைத்துத்தான் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டிருந்தார். ஒரு சீசன் சாரல் நாளில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, பங்கு முடிஞ்சிட்டு. ரெண்டையும் வெளிச்சத்துல வச்சு நிறத்தைப் பாரும்."

"நானா அண்ணாச்சி? யாராவது படிச்ச ஆளை..."

"நீருதான் பாக்கணும். ஊர்ல நீரு ஒருத்தருதான் எதையும் நம்பாத ஆளு. நீரு சொன்னா நிஜம்."

இரண்டு பாட்டிலையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். இதுவும் ஊதா. அதுவும் ஊதா. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பல வருஷம் கழித்து இதையெல்லாம் படித்த ஒருவரிடம் கேட்டேன். அண்ணாச்சி சொன்ன விதி ரொம்பச் சரிதான், ஆனால் அந்தப் பிடி மணலின் கதிருக்கு நிறம் கண்ணுக்குத் தெரிய வெளுக்க ஒரு மனுஷ ஆயுள் பற்றாது என்றார். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன்.

"பிடி மணல்ல இருந்ததுதான் வெளுத்திருக்கு, அண்ணாச்சி."

"சந்தேகம் இல்லையே?"

"சந்தேகமே இல்லை."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு மெதுவாக, மிக மெதுவாகப் பரவியது. அவர் சிரித்து முடிக்கும்வரை செண்பகமும் நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

அந்த இரண்டு பாட்டிலும் இப்போது என் மேஜைமேல் இருக்கின்றன. பிடி மணல் பாட்டிலை அந்த மணலோடு அப்படியே வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். இந்தக் கொஞ்ச நாளாக, அண்ணாச்சி பைய வைத்த பாட்டில் ஒரு நூல் வெளுத்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.